பதினோரு நிமிடச் சத்தங்களுக்கு விளக்கம்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். குதிரையும் நலம். இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். குதிரை நலம்.

நேற்று மதியம் அத்தையிடமிருந்து ஒரு வரிச் செய்தி வந்தது. "மாமாவுக்கு முட்டி ஆபரேஷன் இப்ப இல்ல." காரணம் எழுதவில்லை. அதன்பிறகுதான் என் போனை ஒழுங்காகப் பார்த்தேன். காலையில் உங்களிடமிருந்து ஓர் அழைப்பு. பதினோரு நிமிடம் என்று காட்டுகிறது. நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆகவே நீங்கள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். கேட்டதில் பயந்துபோய் ஆபரேஷனே வேண்டாம் என்றிருக்கிறீர்கள்.

என்ன கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் அங்கேதான் இருந்தேன்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். எங்கள் குதிரை மருத்துவமனையில் அறுவை அறையை ஒட்டி ஓர் அறை உண்டு. மயக்கம் தெளிவதற்கான அறை. நான்கு சுவரிலும் ஆள் உயரத்துக்கு மேல் மெத்தை. தரையும் மெத்தை. மூடினால் கதவும் மெத்தை. விளக்கு எரியாது. உயரத்தில் ஒரு சின்னக் கண்ணாடி, அதன் வழியே நீர்த்த பால் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம். குதிரையின் காதில் பஞ்சு, கண்மேல் துண்டு. யாரும் பேசக் கூடாது. அந்த அறைக்குள் போனதும், வேறு யாரோ காணும் கனவில் எனக்கு ஒரு சின்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றும். வேலை இதுதான்: தலைமாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, குதிரை எழாமல் பார்த்துக்கொள்வது.

ஆமாம், எழாமல். போன வாரம் நீங்கள் கேட்டீர்கள், "மயக்கத்துலேருந்து எந்திரிக்காமலே போயிட்டா என்னம்மா பண்றது?" எங்களுக்குக் கவலை நேர் எதிர். மயக்கம் கலையும்போது குதிரைக்கு முதலில் திரும்பி வருவது பயம். நினைவு அப்புறம். கால்கள் கடைசி. கால்கள் வந்து சேர்வதற்குள் அது ஓடப் பார்க்கும். நானூற்று முப்பது கிலோ, இன்னும் வராத கால்களின் மேல். விழுந்து எலும்பு முறிந்தால் செய்த அறுவையெல்லாம் வீண். அதனால் சின்னதாக ஓர் ஊசி போட்டு, இன்னும் கொஞ்சம் தூங்கு, இன்னும் கொஞ்சம், என்று தள்ளிப்போடுவோம். மனிதர்களுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. நீங்கள் எழுந்து ஓட மாட்டீர்கள். நாற்பது வருடம் பஸ் ஓட்டியதில் மஞ்சள் விளக்குக்கே நின்றவர் நீங்கள்.

நேற்றுப் படுத்திருந்தவள் பதினேழு வயதுக்காரி. சுமை வண்டி இழுப்பவள். நாங்கள் வைத்த பெயர் மகாராணி. குடல் முறுக்கிக்கொண்டு இரண்டரை மணி நேர அறுவை. அவளுடைய வண்டிக்காரர் வெளியே நின்றார். அவர் ஓயாமல் அவளோடு பேசிக்கொண்டே இருக்கும் ஆள். வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தோம். போனை வெளி அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும் என்பதும் விதி. அது நான் எழுதி ஒட்டிய விதி. மறந்துபோனது நான் ஒருத்திதான்.

சரியாக, மூச்சுக்காக அவள் தொண்டையில் விட்டிருந்த குழாயை உருவும் நேரத்தில் என் பையில் போன் நடுங்கியது. வெளியே எடுத்தால் அறை முழுக்க வெளிச்சமாகிவிடும். பைக்குள்ளேயே தடவி அழுத்தினேன். அணைந்துவிட்டது என்று நினைத்தேன். எடுத்துவிட்டேன் என்று நேற்று மதியம்தான் தெரிந்தது. போனை வைக்கத் தெரியாத குடும்பம் நம்முடையது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கேட்டது பஸ் கதவு திறக்கிற சத்தம் இல்லை மாமா, தொண்டையிலிருந்து குழாய் வெளியே வந்ததும் மகாராணி விட்ட பெருமூச்சு, அதை அடுத்து "கழுத்து மேல உட்காரு, எந்திரிச்சா கால் போயிடும்" என்று ஓர் ஆண் குரல் கேட்டிருக்கும், அது எங்கள் சர்ஜன், என்னிடம் சொன்னது, அவள் கழுத்தைப் பற்றிச் சொன்னது, மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அந்த அறையில் எதை மெதுவாகச் சொன்னாலும் கொலைக்குத் திட்டம் போடுகிற மாதிரிதான் இருக்கும். உட்கார்ந்தேன். நான் ஐம்பது கிலோ, அவள் கழுத்துக்கு நான் ஒரு தோள்துண்டு. அப்புறம் வெகு நேரம் உங்களுக்கு ஒன்றுமே கேட்டிருக்காது, அந்த நேரம் துண்டுக்கடியில் அவள் விழி இடமும் வலமும் போய்வந்துகொண்டிருந்தது, ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்களின் கண் மாதிரி, எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள், நானும் கொஞ்ச தூரம் கூடப் போயிருக்கிறேன், மரங்கள்கூட ஞாபகம் இருக்கிறது, இல்லையென்றால் எழப்போகும் அடையாளமாக அவள் காதை ஆட்டியதைப் பார்த்து நான் வெளியேறியிருப்பேன், பார்க்கவில்லை, கழுத்து உயர்ந்தது, நானும் உயர்ந்தேன், அப்புறம் நான் மூலை மெத்தையில் இருந்தேன். "விடாத, கயித்த விடாத" என்றதும் சர்ஜன்தான், தலைக்கயிறு அவர் கையில், வால்கயிறு உதவியாளர் கையில், தடுமாறினால் தாங்கிப் பிடிக்கத்தான் கயிறு, யாரையும் கட்டிப்போட இல்லை, உதவியாளருக்கு அப்போது பார்த்துத் தும்மல் வந்து கயிறு நழுவியது, அதனால் கதவிடுக்கில் நின்று ஒரே ஆளாக இழுத்துப் பிடித்த சர்ஜன் கயிற்றோடு உள்ளே வந்துவிட்டார். தொப்பென்று விழுந்தது குதிரை இல்லை. சர்ஜன். "போச்சு, எல்லாம் போச்சு" என்றது அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பற்றி. அப்புறம் ஒருவர் விசும்பி விசும்பி அழுதாரே, அது வண்டிக்காரர், கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு, சந்தோஷத்தில்.

ஏனென்றால் அவள் நின்றுகொண்டிருந்தாள். முதல் முயற்சியிலேயே. வேறு யாரோ விட்டுப்போன கால்களை மாட்டிப் பார்ப்பவள் போல, ஒவ்வொன்றாக ஊன்றி. பிறகு மூலைக்கு வந்து மோவாயை என் தோளில் வைத்தாள். அவ்வளவு பெரிய மிருகத்தின் அவ்வளவு சிறிய கனம். நான் அசையவில்லை. அறை கொஞ்ச நேரம் எங்கேயும் இல்லாமல் இருந்தது.

இதில் சாவு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

அடுத்து, வலி. குதிரை ஆள் முன்னால் வலியைக் காட்டாது. நேற்றுப் பிற்பகல் வண்டிக்காரர் லாயத்துக்குள் போனார். மகாராணி காதை முன்னே நீட்டி, இரண்டு வாய் புல் தின்று, ரொம்ப நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொண்டாள். அவர் போனதும் கேமராவில் பார்த்தோம். தலை தொங்கியது, இமை இறுகியது. எங்களிடம் ஒரு தாள் உண்டு. காது, இமை, புருவ மேடு, தாடை, மோவாய், மூக்குத் துவாரம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண், மொத்தம் பன்னிரண்டு. கூட்டிப் பார்த்து மருந்தை ஏற்றினோம். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் மறுத்திருப்பாள்.

போன வாரம் வீடியோவில் பேசினோம். "சும்மா லேசாத்தான்மா இருக்கு, அத்தைதான் ஊரக் கூட்டுறா" என்று சிரித்தீர்கள். பேசி முடித்ததும் போனை வைத்துவிட்டதாக நினைத்தீர்கள். வைக்கவில்லை. வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தீர்கள். அப்படியே இருந்தீர்கள். மன்னியுங்கள், நான் தாளை எடுத்தேன். காதுகளைச் சேர்க்கவில்லை, உங்களுடையவை எப்போதுமே பின்னால்தான் இருக்கும். மீதிப் பத்துக்கு ஏழு. ஏழு வந்த குதிரையை நாங்கள் அரை மணி நேரம்கூட விட்டுவைக்க மாட்டோம். நீங்கள் நான்கு மாதமாக விட்டுவைத்திருக்கிறீர்கள். மாடியில் அத்தை, படி ஏற முடியாமல் கீழே நாற்காலியில் நீங்கள், தூங்கும்வரை போனில் பேசிக்கொள்கிறீர்களாம். ஒரே வீட்டுக்குள்.

அறுவைக்குப் பிறகு வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். வலிக்கும். ஆனால் இப்போதெல்லாம் வலி வரும்வரை காத்திருப்பதில்லை. அது கிளம்புகிற இடத்திலேயே நரம்பை மரத்துப்போகச் செய்வார்கள். அப்புறம் மணி பார்த்து மருந்து. உங்கள் கழுத்தின் மேல் யாரும் உட்கார மாட்டார்கள். வேண்டுமானால் எழுதி வாங்கித் தருகிறேன்.

மறுபடி தேதி கேளுங்கள் மாமா. நேற்று நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், அந்தப் பக்கம் இருட்டு இல்லை. ஜன்னலோரம்தான்.

அத்தைக்கு என் அன்பு. வலது முழங்காலுக்கு வாழ்த்து, இடது முழங்காலுக்கு ஆறுதல். நீங்கள் நெடுநாள் நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் குதிரை டாக்டரம்மா

பி.கு. உறையை ஒட்டிவிட்டு அதன் முதுகில் எழுதுகிறேன், ஆகவே முதலில் இதைத்தான் படிப்பீர்கள். அத்தை இப்போது பேசினார். நீங்கள் ஒன்றையுமே கேட்கவில்லையாம். இரண்டு தரம் "ஹலோ" சொல்லிப் பார்த்து, டவர் இல்லை என்று போனைச் சோபாவில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டீர்களாம். பதினோரு நிமிடமும் கேட்டது தலையணை. தேதியைத் தள்ளிவைத்தது உங்கள் டாக்டராம், அவருக்கு ஜுரமாம், வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு என்று முடிவாகிவிட்டதாம். நீங்கள் கூப்பிட்டது ஒன்றே ஒன்று கேட்கத்தானாம். அத்தை அதை உங்கள் குரலிலேயே சொன்னார்: "அவ கூட இருப்பாளான்னு கேளு. இருந்தா பயமில்ல."

இருப்பேன் மாமா. ஏழு மணிக்கே வந்துவிடுவேன்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். மனம் வரவில்லை. உள்ளே இருப்பது ஒரு குதிரை எழுந்து நின்ற கதை. நீங்கள் எழுந்து நின்ற பிறகு பிரியுங்கள்.