கண்காணிப்பாளர் சிற்பம் பார்த்த படலம்

கலை தழைப்பது கலைஞர்களால் அல்ல, அதைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்களால்தான். குடிநீர் வாரியக் கண்காணிப்பாளர் அந்த இனத்தின் தலைமகன். கோப்புகளில் கையெழுத்திட்ட நேரம் போக மீதி நேரமெல்லாம் 'கருத்து' வழங்குவார். எதைப் பற்றி என்பது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

நகரின் திறந்தவெளிச் சிற்பப் பூங்காவில் அவருடைய மைத்துனன் செய்த சிற்பத்துக்கு இடம் கிடைத்திருந்தது. முன்பு அவன் வேலையை நாலு பேர் நடுவில் 'காயலான் கடைச் சரக்கு' என்று தீர்ப்பளித்தவர் இவர்தான். அன்றிலிருந்து மனைவி இவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"இன்னைக்காவது என் தம்பியப் பத்தி மனசார நாலு வார்த்தை நல்லதா சொல்லுங்க," என்றாள் அவள் பூங்கா வாசலில். "இல்லேன்னா இங்கிருந்து நான் அவன் வீட்டுக்கே போயிடுவேன்."

குரலில் விளையாட்டு இல்லை.

எனவே போர்க்கால அடிப்படையில் பாராட்டத் தொடங்கினார். ஒரு கம்பி வளையத்தைப் பார்த்து, "ஆகா, வெறுமை பேசுது!" என்றார். ஒரு கல் உருண்டையைப் பார்த்து, "மௌனம் பேசுது!" என்றார். இரண்டுமே வேறு யாரோ செய்தவை என்று மனைவி தெரிவித்தாள். மேற்படி பாராட்டுகள் மைத்துனன் பெயருக்கு மாற்றப்படும் என்று அறிவித்துவிட்டு மேலே நடந்தார்.

புல்வெளி நடுவே ஆளுயர இரும்பு உருவம் நின்றது. முகம் முழுக்க வாய். காதே இல்லை. ஒற்றை விரல் வானத்தை நோக்கி நீட்டியிருந்தது. பக்கத்தில் மைத்துனன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

கண்காணிப்பாளர் நிஜமாகவே சொக்கிப்போனார்.

"அற்புதம்டா! இந்த மாதிரி ஆளுங்கள ஆபீஸ்ல தினம் பாக்குறேன். வாய் மூடாது, யார் சொல்றதும் காதுல ஏறாது. அந்த விரல்ல என்ன ஒரு திமிரு! யாரப் பாத்து செஞ்சே?"

"அத்தான்..." என்று இழுத்த மைத்துனன், அக்காவைப் பார்த்தான்.

"போன மாசம் கலைன்னா என்னன்னு எனக்குப் பாடம் எடுத்தீங்களே," என்றாள் அவள். "அப்போ இவன் பக்கத்துல நின்னு நூல் வச்சு உங்க விரல அளந்தான். உங்களுக்குத் தெரியவே இல்ல."

மறுப்புத் தெரிவிக்க வழக்கம்போல் விரலை உயர்த்தி வாயைத் திறந்தார். புல்லில் இரண்டு விரல் நிழல்கள், ஒரே அளவில் விழுந்திருந்தன. கையை மெல்லச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வீட்டுக்கு வருவியா?" என்று மட்டும் கேட்டார்.

"வரேன். ஆனா சொன்னதுல ஒரு வார்த்தையக்கூட வாபஸ் வாங்காதீங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க சொன்ன ஒரே உண்மை அதுதான்."