படுக்கை சைக்கிள் கைமாறிய விதம்

எங்கள் நாட்டு ராஜாவின் பிறந்தநாளன்று என் சைக்கிளை விற்றுவிடுவதாக மனைவி டினேகேவுக்கு வாக்குக் கொடுத்தேன். என்ன ஆனாலும் அதை விற்காமல் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவருவதாக எனக்கு நானே வாக்குக் கொடுத்துக்கொண்டேன். முதல் வாக்கு டினேகேவுக்குத் தெரியும். இரண்டாவது தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

சாதாரண சைக்கிள் என்றால் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். எங்கள் காம்பன் ஊரில் மனிதர்களைவிட சைக்கிள்தான் அதிகம். இது படுத்துக்கொண்டு ஓட்டுகிற சைக்கிள். சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். அது போதாதென்று மடித்து ரயிலிலும் ஏற்றலாம். பழைய மாடல்தான். ஆனாலும் அழகு. இதில் படுத்தபடியே அணைக்கரை வழியாகக் கடல்வரை போவதென்று வாங்கிய அன்றே சபதம் செய்தேன். ஒரு வருஷம் எதிர்க்காற்று. அடுத்த வருஷம் முட்டிவலி. அதற்கப்புறம் எல்லா வருஷமும் இரண்டும்.

ஆகவே அது கூடத்து ஜன்னலோரம் நின்றது. இங்கே ஜன்னலுக்குத் திரை போடுகிற வழக்கம் கிடையாது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை.

"ஏங்க, இது சைக்கிளா, விருந்தாளியா? வந்து உக்காந்தது, எழுந்திரிக்கவே மாட்டேங்குதே!"

"தொடாதே டினேகே. நுட்பமான மெஷின்."

"தொடாம எப்படித் தூசி தட்டறது?"

"ஊது."

"ஒரே ஒரு தடவை நான் ஓட்டிப் பாக்கறேனே?"

"நீயா? இதுக்கு நிதானம் வேணும்மா. பேலன்ஸ் வேணும்."

"சரி. அப்ப ராஜா பிறந்தநாளுக்கு வித்துடுங்க. விலை போகலேன்னா திரும்ப இதே ஜன்னலுக்கு வரட்டும். அப்புறம் நான் வாயே திறக்கலை."

அந்தச் 'சரி'யை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் இத்தனை சீக்கிரம் சரி சொன்னதில்லை.

ராஜா பிறந்தநாளன்று ஊரே ராஜ குடும்பத்து நிறமான ஆரஞ்சில் சட்டை போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்துவிடும். பரணில் கிடக்கிற அத்தனையும் நடைபாதையில் கடை விரிக்கப்படும். யாரும் எதையும் விற்கலாம். என் திட்டமும் ரொம்பச் சுலபம். இந்த நாட்டில் ஓட்டிப் பார்க்காமல் எவரும் சைக்கிள் வாங்க மாட்டார்கள். இந்தச் சைக்கிளைக் கிளப்ப ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதுகை முழுசாகச் சாய்த்துவிட்டு, ஒரு காலால் ஒரே அழுத்து. ஹேண்டிலைச் சும்மா தொட்டால் போதும். பயந்துபோய் நிமிர்ந்து ஹேண்டிலை இறுக்கினால் ஆள் தரையில். இதை நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை. பொய் சொன்னால்தானே பாவம்? வாயை மூடிக்கொண்டிருப்பதில் எனக்கு வீட்டிலேயே நல்ல பயிற்சி.

முந்தின நாளே சாக்பீஸால் கோடு போட்டு இடம் பிடித்திருந்தோம். டினேகே பக்கத்தில் ஒரு மேஜை போட்டாள். பிளாஸ்கில் காபி, ஆரஞ்சுப் பூச்சுப் போட்ட கேக், ஒரு பெட்டி பிளாஸ்திரி.

"பிளாஸ்திரி எதுக்கு?"

"தெருன்னா யாராவது விழத்தானே செய்வாங்க?"

முதலில் வந்தவர் பள்ளிக்கூட வாத்தியார் வவுட்டர். தென்னை மர உயரம்.

"பிரேக் பிடிக்குமா?"

"ஓடினாத்தானே பிடிக்கறதுக்கு?" என்றாள் டினேகே.

வாத்தியார் ஏறினார். நிமிர்ந்தார். ஹேண்டிலை இறுக்கினார். எதிர்க்கடைப் பொம்மைக் குவியலில் போய் விழுந்தார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்து ரொட்டிக் கடைக்காரர் மனைவி. பூத்தொட்டி உடைந்தது. பிறகு புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. அவன் விழுந்தான், அவள் சிரித்தாள், அவள் விழுந்தாள், அவன் சிரிக்கவில்லை, புத்திசாலி. விழுந்தவர்கள் எல்லாரும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு காபி வாங்கிக் குடித்தார்கள். டினேகேவுக்கு நல்ல வியாபாரம்.

"என்னப்பா ரைண்டர், சைக்கிள் விக்கறியா, ஆளைக் கொல்றியா?" என்றார் பக்கத்து வீட்டு யெல்லே. மாட்டு வியாபாரம் செய்து ஓய்ந்தவர்.

"விலை ஜாஸ்தியோ என்னமோ. கொஞ்சம் குறைச்சுப் பாருங்களேன்" என்றாள் டினேகே.

சந்தோஷமாகக் குறைத்தேன். எவ்வளவு குறைத்தும் போகவில்லை என்றால் நாளைக்கு யாரும் என்னைக் குறை சொல்ல முடியாதே! பாதியாக்கினேன். அதிலும் பாதியாக்கினேன். சாயங்காலம் ஆகிவிட்டது. ஆள் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் அப்பாவும் மாட்டு வியாபாரிதான். சந்தையில் உள்ளங்கையில் உள்ளங்கையைத் தட்டித்தான் விலை பேசுவார்கள். தட்டுக்கு ஒரு விலை. கடைசித் தட்டில் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டால் மாடு கைமாறிவிட்டது. காகிதம் கிடையாது, பேச்சு மாறவும் முடியாது. எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட மாறியதில்லை என்று எல்லா விருந்திலும், யாரும் கேட்காமலே, நான் சொல்வேன்.

நாற்காலிமேல் ஏறி நின்றேன். கையை நீட்டினேன்.

"ஒரே ஒரு யூரோ! காபி விலைகூட இல்லை! தைரியம் இருந்தா தட்டுங்கய்யா!"

பட்டென்று என் கையில் ஒரு அடி விழுந்தது. விழுந்த கை என் கையைப் பிடித்துக் குலுக்கியது. குனிந்து பார்த்தேன். கேக் பிசுபிசுப்போடு டினேகேயின் கை.

"முடிஞ்சது வியாபாரம்!" என்று யெல்லே கத்தினார். தெருவே கைதட்டியது.

"டினேகே, விளையாடாதே."

"மாட்டு வியாபாரி மகன் பேச்சு மாறுவாரா?"

காபிக் காசிலிருந்து ஒரு யூரோவை எடுத்து என் சட்டைப்பையில் போட்டாள். சைக்கிளில் ஏறினாள். முதுகை முழுசாகச் சாய்த்தாள். ஒரே அழுத்து. ஹேண்டிலைச் சும்மா தொட்டபடி தேவாலயத்தை ஒரு சுற்றுச் சுற்றி, என் நாற்காலி முன்னால் வந்து நின்றாள். மூச்சுகூட வாங்கவில்லை.

"எப்போ கத்துக்கிட்டே?"

"நீங்க பாட்டு ஒத்திகைக்குப் போற வியாழக்கிழமையெல்லாம். ஜன்னல்ல சைக்கிள் இல்லாதது தெருவுக்கே தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

"யார் கத்துக்கொடுத்தது?"

"வாத்தியார்தான். இன்னிக்கு எவ்வளவு அழகா விழுந்தாரு பாத்தீங்களா?"

எதிர்க்கடையில் வவுட்டர் என்னைப் பார்த்துக் காபிக் கோப்பையை உயர்த்தினார்.

அடுத்த மாசம் லீவுக்கு அணைக்கரை வழியாகக் கடலுக்குப் போகிறாளாம். நானும் வருகிறேன் என்றேன். வரலாமாம். என் பழைய சைக்கிளில், பின்னால், சாப்பாட்டுக் கூடையோடு.

சைக்கிள் மறுபடி அதே ஜன்னலோரம் நிற்கிறது. நேற்று ஆசையாகக் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க. நுட்பமான மெஷின்."

"இல்லம்மா, தூசி..."

"ஊதுங்க."