எல்லோருக்கும் ஜாஜாங்

நாகரிகத்தின் உச்சியை எட்டிய அலுவலகங்கள் உலகில் மிகச் சில. சியோலில் எங்கள் பதிப்பகத்தின் இளையோர் நாவல் பிரிவு அவற்றுள் தலையாயது. மதிய உணவுக்குத் தலைவர் எதைச் சொல்கிறாரோ அதையே அனைவரும் சொல்வோம். இவ்விதி எங்கும் எழுதப்படவில்லை. எழுதினால் மீறலாமே என்று யாருக்காவது தோன்றிவிடும். துணை ஆசிரியர் மா அவர்களுக்குக் கோதுமை ஆகாது. ஆயினும் பதினான்கு ஆண்டுகளாக, சட்டைப்பையில் மாத்திரையோடு, தலைவருக்குப் பிடித்த ஜாஜாங் என்னும் கோதுமை நூடுல்ஸை உண்டுவருகிறார்.

அன்று எங்கள் முன் அமர்ந்திருந்தவள் ஓக் சொரின், வயது பத்தொன்பது. மூன்றாண்டு உழைத்து எழுதிய முதல் நாவல். நாயகன், ஹேகும் என்னும் இருநரம்பு வாத்தியம் பயிலும் சிறுவன். போட்டி மேடையில் குருவின் பாணியை விட்டுத் தன் பாணியில் வாசித்துத் தோற்கிறான். கதை அங்கேயே முடிகிறது. முடிவை மாற்றினால் அன்றே ஒப்பந்தம். இல்லையேல் நாவல் வீட்டுக்கு.

"பையன் எந்த இடத்துல பெரியவனாகுறான், எழுத்தாளரே?" என்றார் தலைவர் பியோ.

"அந்த மேடையிலதான், ஐயா."

"அது வெறும் அடம். பெரியவனாகுறதுன்னா குருகிட்ட குனிஞ்சு மன்னிப்புக் கேக்கணும். முதல் பரிசு வாங்கணும். நல்ல காலேஜ்ல சேரணும்."

மா அவர்கள் இதில் ஆழ்ந்த அழகியலைக் கண்டார். 'இளையோர் நாவலில் பக்குவம்' குறித்து முனைவர் பட்டம் பெற்றவன் என்ற முறையில், நான் மூன்று கோட்பாடுகளைக் கொண்டு தலைவரின் கருத்தை நிறுவினேன். நான்காவது கோட்பாடு அவருக்கு எதிராக இருந்ததால் அதை அடக்கத்தோடு விடுத்தேன்.

சொரின் எதுவும் பேசவில்லை. சம்மதம் என்றே குறித்துக்கொண்டோம்.

"சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுக்கலாம். எனக்கு ஜாஜாங்," என்றார் தலைவர்.

"எனக்கும் அதேதான்," என்றார் மா, சட்டைப்பையைத் தொட்டபடி. நானும் அதையே சொல்லி, கடைக்குப் போன் செய்தேன்.

"எத்தனை சார்? எல்லாம் ஜாஜாங்தானே?" என்றான் கடைக்காரன், எங்களை நன்கறிந்தவன்.

சொரின் ஒப்பந்தத்தை மேசையின் நடுவுக்குத் தள்ளிவைத்தாள்.

"எனக்கு ஜம்பொங் நூடுல்ஸ் சொல்லுங்க. காரம் தூக்கலா. அவன் தோத்தவனாவே இருக்கட்டும், ஐயா. முடிவை மாத்தலை."

மா அவர்கள் மாத்திரையைத் தண்ணீரில்லாமலே விழுங்கினார். "சார், லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

பக்குவம் குறித்து நானூறு பக்கம் எழுதியிருக்கிறேன். ஜம்பொங் எப்படியிருக்கும் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.