பலேர்மோவைத் தலைநகராக்கிய ஒருவேளை அண்ணை

அன்று இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ துறைமுகத்தில், நேப்பிள்ஸ் கப்பலடியில் நின்றவர்கள்: நான், அம்மா, வுச்சீரியாச் சந்தையில் மீன் வெட்டும் பரமண்ணை, ஜேர்மனிக்குப் போகவேண்டிய ஒரு நீலச் சூட்கேஸ். நிற்காதவர்: அந்தச் சூட்கேஸோடு ஜேர்மனிக்குப் போகவேண்டிய ஆள்.

அந்த ஆள்தான் ஒருவேளை அண்ணை. ஜேர்மனியை ஐரோப்பாவின் பெரிய அரசாக்க எத்தனையோ பேர் பாடுபட்டிருக்கிறார்கள். ஒரு துவக்குக்கூட இல்லாமல், நிலம் துடைக்கிற வெறும் மொப்புத் தடியை வைத்து அதைச் செய்து முடித்தவர் உலகத்தில் இவர் ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் விசாக் கந்தோருக்கு மட்டுந்தான் தெரிந்திருக்கும். எனக்கும் அண்ணை, என் அம்மாவுக்கும் அண்ணை. வாயைத் திறந்தால் முதற் சொல் 'ஒருவேளை' என்பதால் முன்னால் அதுவும் ஒட்டிக்கொண்டது. துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள மாடிக் கட்டடங்களில் படிக்கட்டுக் கழுவுவது தொழில். கழுவும்போது ஈர மொப்பால் பளிங்கில் வரைபடம் போடுவார். மேல் படியில் பால்டிக் கடல், பிறகு பெர்லின், வியன்னா, அல்ப்ஸ் மலை, எல்லாவற்றையும் ஒரே கோட்டுக்குள் வளைத்து இழுத்துக்கொண்டு கீழே வருவார். சிசிலிக்கு வந்து சேரும்போது மேலே பெர்லின் காய்ந்துபோயிருக்கும்.

"பாத்தியே தம்பி, ஜேர்மனியை ஒண்டாக்கிறதிலை உள்ள கரைச்சல் இதுதான். தெற்கைச் சேர்க்கேக்கை வடக்குக் கழண்டுபோகுது."

இரண்டாம் மாடி சின்யோரா சந்தைப் பையோடு கீழே நின்று, வியன்னா காய்ந்துவிட்டதா, கால் வைக்கலாமா என்று இத்தாலியனில் கேட்பா. அண்ணை குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, வியன்னாவில் வைக்கலாம், மியூனிக்கில் மட்டும் வைக்கவேண்டாம், வழுக்கும் என்பார்.

எங்கள் குடும்பத்தில் யுனிவர்சிட்டி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிப்பதும் சரித்திரம். அதனால் அண்ணையைத் திருத்துவது என் கடமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ என்னிடமிருந்தே சாமான் வாங்கிச் சாம்ராச்சியம் கட்டுவார். ஆஸ்திரியாவையும் சேர்த்துப் பெரிய ஜேர்மனியாக ஒன்றாகலாமா, அதை வெளியே விட்டுச் சின்ன ஜேர்மனியாக ஒன்றாகலாமா என்று அந்தக் காலத்தில் ஜேர்மன்காரர் அடிபட்ட கதையை ஒருநாள் சொன்னேன். அடுத்த நாளே பெரிய ஜேர்மனி வென்றுவிட்டது. எல்லை, அப்போது ஆஸ்திரியாவின் கையிலிருந்த வட இத்தாலி வெரோனாவுக்கு இறங்கிவிட்டது. ஒருவேளை அப்படி நடந்திருந்தால் வெரோனாவில் இறங்கினாலே ஜேர்மனிதானே என்றார்.

ஆனால் அவருக்குப் பிடித்த சாம்ராச்சியம் வேறு. எங்கள் கதீட்ரலில் ஒரு ஜேர்மன் சக்கரவர்த்தி கிடக்கிறார். இது அண்ணையின் கற்பனை இல்லை, உண்மை. சிசிலியில் வளர்ந்து, ஜேர்மனியையும் சேர்த்து ஆண்டு, சிவப்புக் கல்லுப் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். அவருக்குப் பிறகு வம்சம் நிலைக்கவில்லை. ஒருவேளை நிலைத்திருந்தால், ஜேர்மனி அப்போதே ஒன்றாகியிருக்கும், பலேர்மோ அதன் தலைநகராகியிருக்கும். அண்ணை அங்கே போனால் கோயில் என்று சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். காவல்காரர் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார்.

"அப்பிடிப் பாத்தால், ஏஜென்சிக்காரன் என்னை ஏமாத்தேல்லைத் தம்பி. ஜேர்மனிக்கெண்டு காசு வாங்கினான், ஜேர்மனியிலைதான் இறக்கினான். என்ன, ஒரு எண்ணூறு வருசம் பிந்திப்போச்சு."

ஏஜென்சிக் கதையை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணையும் தங்கச்சியும் சண்டை நேரம் யாழ்ப்பாணத்திலிருந்து, ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி ஒன்றாக வெளிக்கிட்டவர்கள். வழியில் முதற் காரில் ஓரிடந்தான் இருந்தது. "நீ போ, நான் பின்னாலை வாறன்" என்று தங்கச்சியை ஏற்றிவிட்டார். அந்தக் கார் ஜேர்மனியில் டோர்ட்முண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த கார் சுற்றிச் சுழன்று பலேர்மோவுக்கு வந்தது. தங்கச்சிக்கு அங்கே கலியாணம் நடந்தபோது அண்ணையிடம் எல்லை தாண்ட ஒரு பேப்பரும் இல்லை. எங்கள் ஆட்களின் கலியாணத்தில் பொம்பிளையின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். அந்த இடத்தில் யாரோ ஒருவர் நின்றார். வீடியோக் கொப்பி வந்ததும் எங்கள் வீட்டில் ஒரேயொரு தரம் போட்டுப் பார்த்தாராம். தோழனுக்குத் தலைப்பாகை சரியாய்க் கட்டவில்லை என்று மட்டும் சொன்னாராம். அதற்குப் பிறகுதான் சாம்ராச்சியம் வளரத் தொடங்கியது.

ஒருநாள் நான் கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். ஜேர்மனி ஐரோப்பாவைப் பிடித்தால் என்ன நடக்கும் என்று உலகம் ஒருதரம் பார்த்துவிட்டதே, எவ்வளவு சனத்தைக் கொன்றார்கள், அதை வைத்தா விளையாடுகிறீர்கள் என்றேன். அண்ணை மொப்பைப் பிழிந்து வாளியில் சாத்திவைத்தார்.

"அந்த ஜேர்மனியை நான் சேர்க்கேல்லை. என்ரை ஜேர்மனியிலை ஆமி இல்லை, செக்பொயின்ற் இல்லை. ரெயில் மட்டுந்தான்."

சண்டைக்குப் பயந்து ஓடிவந்த மனிசர் சாம்ராச்சியம் கட்டினால் அப்படித்தான் இருக்கும் போல.

இந்தச் சகவாசத்தின் பலனை நான் வாய்மொழிச் சோதனையில் அனுபவித்தேன். ஜேர்மனி ஏன் அவ்வளவு பிந்தி ஒன்றானது என்று பேராசிரியர் கேட்டார். நன்றாகத்தான் தொடங்கினேன். பாதியில் என் வாய் 'ஒருவேளை' என்றது. பிறகு நிறுத்த முடியவில்லை. சரித்திரத்தில் ஒருவேளைக்கு இடமில்லை என்று சொல்லி, தட்டுத்தடுமாறிப் பாஸாகும் அளவுக்கு மட்டும் புள்ளி போட்டார். அண்ணையிடம் வந்து சண்டை பிடித்தேன்.

"வாத்தியாருக்குச் சரித்திரம் ஒழுங்காய் நடந்திருக்கு போலை" என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் டோர்ட்முண்டிலிருந்து தங்கச்சி கதைத்தா. மகளுக்குக் கலியாணம், தாய்மாமன் வந்து நிற்கவேண்டும். அண்ணைக்கு இத்தாலியப் பாஸ்போட் கிடைத்தே பத்து வருசத்துக்குக் கிட்ட. போகத் தடையென்று ஒன்றுமில்லை. ஆனால் மாரி வரட்டும், கோடை போகட்டும் என்று கடத்திக்கொண்டே வந்தவர். இந்தமுறை அம்மா விடவில்லை. பிளேனில் ஏறமாட்டேன் என்றதால் கப்பல், பிறகு ரெயில் என்று நானும் பரமண்ணையும் சேர்ந்து டிக்கெட் போட்டோம். புதுச் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்தோம். பலேர்மோத் தமிழரில் ஒருவர் ஜேர்மனிக்குப் போகிறார் என்றால் சும்மா விடுவார்களா? கருவாடு, ஒலிவ் எண்ணெய், மிளகாய்த்தூள் என்று ஆளாளுக்கு அங்கேயுள்ள சொந்தக்காரருக்கான பார்சலோடு வந்தார்கள். சூட்கேஸில் அண்ணையின் பங்கு ஒரு பட்டு வேட்டியும் ஒரு சேட்டும்.

கப்பல் வெளிக்கிடும் நேரமாகியும் ஆளைக் காணவில்லை. போனும் எடுக்கவில்லை. நான் தேடி ஓடினேன். எங்கே ஓடுவது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. கதீட்ரல் வாசலில் புதுச் சப்பாத்து இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பலேர்மோவில் புதுச் சப்பாத்தை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகிற மனத்துணிவு வேறு யாருக்கு வரும்?

சக்கரவர்த்தியின் கல்லுப் பெட்டிக்கு முன்னால் காலுறையோடு நின்றார். எப்போதும்போல யாரோ அதன்மேல் பூ வைத்திருந்தார்கள். கப்பல் போகப்போகுது அண்ணை என்றேன். திரும்பாமலே கதைத்தார்.

"ஒண்டரை நாள் தம்பி. நீ காட்டின டிக்கெட்டைப் பாத்தனான். கப்பலும் ரெயிலும் சேர்த்து ஒண்டரை நாள்தான்."

"ஓம் அண்ணை. கிட்டத்தானே."

"அதுதான். தூரமெண்டால் ஒரு ஞாயம் இருக்கு. ஒண்டரை நாள் தூரத்திலை இருந்துகொண்டு ஏன் வரேல்லை எண்டு அவள் கேட்டால், நான் எந்தச் சக்கரவர்த்தியைச் சொல்லுறது?"

அவருடைய சொல்தான் என் வாயில் வந்தது.

"ஒருவேளை அவ கேக்காமல் விட்டால்?"

அண்ணை திரும்பிப் பார்த்தார். அவருடைய ஒருவேளைகள் எல்லாம் பின்பக்கமாகவே போகிறவை. முன்பக்கம் போகிற ஒன்றை அன்றைக்குத்தான் கேட்டிருப்பார். பிறகு வாசலுக்கு வந்து சப்பாத்தைப் போட்டார். நான் குனிந்து கயிற்றைக் கட்டிவிட்டேன்.

துறைமுகத்தில் அம்மா தனியே நின்றா. பரமண்ணை எங்கே என்றேன். அம்மா கடலைக் காட்டினா.

நடந்தது இதுதான். யாழ்ப்பாணத்தில் பஸ்ஸுக்குள் ஒரு பையைப் போட்டுவிட்டு, ஆள் வருது, கொஞ்சம் நில்லுங்கோ என்றால் பஸ் நிற்கும். கப்பலும் அப்படித்தான் என்று நினைத்த பரமண்ணை, அண்ணையின் டிக்கெட்டைக் காட்டிச் சூட்கேஸோடு உள்ளே போயிருக்கிறார். ஆள் வருகிற விஷயத்தைச் சொல்ல ஒரு பொறுப்பானவரைத் தேடியிருக்கிறார். கண்டுபிடித்தபோது பலேர்மோ பின்னால் போய்க்கொண்டிருந்தது. மீன் வெட்டுகிற ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், கருவாட்டுக்குக் காவலாக நேப்பிள்ஸில் ஒரு நாள் காத்திருந்தார். மறுநாட் கப்பலில் நாங்கள் ஏற்றிவிட்ட அண்ணை அங்கே போய்ச் சூட்கேஸைப் பொறுப்பெடுத்தார்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. ஏன் வரேல்லை எண்டு கேட்டவவோ அண்ணை என்றேன்.

"இல்லைத் தம்பி. கதவைத் திறந்தாள். 'அடுத்த கார் கொஞ்சம் லேட் போலை' எண்டாள். பிறகு சாப்பாடு போட்டாள்."

இரண்டு கிழமை லீவில் போனவர். கலியாணம் முடிந்தது, மருமகள் விடவில்லை, தங்கச்சி விடவில்லை, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்துவிட்டது. எங்கள் பக்கத்துப் படிக்கட்டுகளை இப்போது வேறொரு பொடியன் கழுவுகிறான். சுத்தமாகத்தான் கழுவுகிறான். இரண்டாம் மாடி சின்யோரா என்னைக் காணும்போதெல்லாம் வியன்னாவுக்கு என்ன நடந்தது என்று கேட்கிறா.

விட்டுப்போன கப்பல், மறுநாட் கப்பல், மாற்றிப் போட்ட ரெயில், பரமண்ணை திரும்பி வந்த டிக்கெட் எல்லாம் சேர்த்து அந்தப் பயணத்தால் எங்களுக்குப் போனது இருநூற்றுப் பதினாறு யூரோவும், ஒரு அண்ணையும்.