நீல ரிப்பன் கட்ட இடமில்லாத கிட்டார்

அன்புள்ள மைத்துனன் பெலிக்ஸுக்கு,

ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீயும் குழந்தைகளும் மாதாவின் தயவால் நலமாக இருக்க வேண்டுகிறேன். அந்த வேண்டுதலில் வஞ்சகம் இல்லை. அடுத்த தெருதானே, நேரில் பேசலாமே என்பாய். நேரில் பேசினால் உன் அக்கா ஜான்சி நடுவில் காப்பியோடு வந்து விஷயத்தைக் கெடுத்துவிடுவாள். ஆகவே தபால்.

போன வருடக் கொடியேற்றத்தை நீ மறந்திருப்பாய். வாத்தியங்களின் தலையில் நீல ரிப்பன் கட்டி, சாமியார் தீர்த்தம் தெளித்த பிறகே திருவிழாவுக்கு வாசிப்பது நம் பாடகர் குழுவின் வழக்கம். உனக்கு முன் குழுவை நடத்திய அந்தோணிதாஸ், பத்து வருடமும், தலைப்பகுதியே இல்லாமல் செய்யப்பட்ட என் பேஸ் கிட்டாரின் பெல்ட்டில் அதைக் கட்டிவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிடுவார். நீ பொறுப்பேற்ற முதல் வருடமே ரிப்பனோடு என் முன்னால் நின்று, "என்னா மாமா, தலையே காணோம், நான் எங்க கட்றது?" என்றாய். பிறகு அதை என் கழுத்தில் கட்டினாய். சாமியார் சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லாரும் சிரித்தார்கள். கீபோர்டுக்கு மட்டும் தலை இருக்கிறதா? அதற்கு ஸ்டாண்டில் கட்டினாயே. நான் ரிப்பனோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு பூசையில் என் இடத்தில், கூனிமேட்டுக் கச்சேரிக் குழுவின் தேசப்பன் மரக் கிட்டாரோடு நிற்கிறான். அன்றிலிருந்து கோயிலில் என்னுடையதற்கு மொட்டை கிட்டார் என்று பெயர்.

இருபத்தாறு வருடம் பௌதிகம் நடத்துகிறவன் சொல்கிறேன். உப்பளத்தைத் தாண்டி வரும் காற்றில் ஈரம் இருக்கிறது. மரக் கழுத்து அதைக் குடித்து வளையும். என்னுடையதன் கிராஃபைட் கழுத்து வளையாது. தலை இல்லாததால் சுருதி சேர்க்கும் திருகுகள் அடிப்பக்கம் இருக்கின்றன. நான் குனிந்து திருகும்போது எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று உன் குழு நினைத்தால் அது என் குற்றமல்ல.

என் வார்த்தை போதாது என்பாய் என்று வாசிக்கிறவர்களிடமே கேட்டேன். இதை நான் வாங்கிய குயிலாப்பாளையத்தில் ஒருவர், "காலையில வச்ச சுருதி சாயந்திரமும் அப்படியே இருக்குதுங்க. ஆனா எல்லா நோட்டும் ஒரே மாதிரி நல்லா இருக்குது பாருங்க, அதான் கொஞ்சம் பயமா இருக்குது" என்றார். நீ முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள். கோட்டக்குப்பத்தில் கல்யாணங்களுக்கு வாசிக்கும் பாய், "ஸ்டேஜ்ல பக்கத்துல நிக்கிறவன் கண்ணைக் குத்தாது சார், அது ஒண்ணே போதும். கம்பி அறுந்தா எங்க போய் வாங்குவீங்க?" என்றார். கம்பி என் பாடு. உன் தேசப்பனையே கேட்டேன். "துடுப்பு மாதிரி இருக்குது சார்" என்றான். படகை நகர்த்துவது துடுப்புதான், சொல்லவில்லை. ஜான்சி மட்டும், "கிராஃபைட்டுன்னா பென்சில்ல இருக்கிறதுதான? வாசிச்சது போதும், எழுதிப் பாருங்க" என்றாள். எழுதுகிறேன்.

ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை கொடியேற்றத்துக்குத் தேசப்பனை நிறுத்திவிட்டு, என்னை முறைப்படி வீட்டுக்கு வந்து அழைத்து, ரிப்பனை பெல்ட்டில் கட்ட வேண்டும். இல்லையென்றால் இனி உன் குழு பாடும் பூசைக்கு வரமாட்டேன். பாட்டில்லாத ஆறு மணிப் பூசைக்குப் போய்விடுவேன்.

குழந்தைகளுக்கு என் ஆசீர். மாதா உன்னையும் காப்பாற்றட்டும், நீ கேட்காவிட்டாலும்.

பி.கு.: இவ்வளவும் எழுதி நிமிர்ந்தால் வாசலில் கிட்டாரோடு தேசப்பன். "கழுத்து வளைஞ்சிடுச்சு சார், கம்பி தடதடங்குது. வெள்ளிக்கிழமை மானம் போயிடும். உங்கள விட்டா யாரும் இல்ல." சந்தோஷமாக இருந்தது, ஒரு ஐந்து நிமிடம். பிறகு ஆலன் கீயை எடுத்து, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று திருகி நிமிர்த்தினேன். சரிபார்க்க மாதா பாட்டை ஒருமுறை வாசித்தேன். மரம் என் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. பதினோரு வருடத்தில் என்னுடையது ஒருநாளும் அப்படி அதிர்ந்ததில்லை. தேசப்பன் என் முகத்தைப் பார்க்காமல் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன வருட ரிப்பன் அலமாரியில் இருந்தது. அவன் கிட்டாரின் தலையில் கட்டி அனுப்பிவிட்டேன். அவனே வாசிக்கட்டும்.

மேலே உள்ளதைக் கிழிக்க மனம் வரவில்லை, அதுவும் உண்மைதான். எழுதியது யார் என்று உனக்குத் தெரியும். ஆனால் கீழே பெயர் இருந்தால் இது முறையான கோரிக்கையாகி நீ அழைக்க வந்துவிடுவாய், நானும் கிளம்பிவிடுவேன். அதனால் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.