மீட்கப் போனவன் மீட்கப்பட்ட கதை

அடுத்தவருக்குப் பாடம் எடுக்கிறவன் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், பாடத்துக்குள் தானே போய்ப் படுத்துக்கொள்ள மட்டும் கூடாது. இது எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லை. பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், இரண்டு கால்களிலும் மூங்கில் பத்தை கட்டி, கழுத்தில் பட்டை மாட்டி, வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கிடந்தபோது நானே கண்டுபிடித்தது.

எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். செம்மணல் தேரிக்காடு, பனைமரம், வெயில். எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் சர்ச் கோபுரம்தான். அப்படிப்பட்டவனை எங்கள் மிஷன், பேரிடர் மீட்புப் பயிற்சி கொடுத்து, இலங்கையின் மலையகத்துக்கு அனுப்பியது. வேலை இதுதான்: தோட்டத்து மக்களுக்கு முதலுதவியும் மண்சரிவு மீட்பும் சொல்லிக்கொடுக்க வேண்டும். (மண்சரிவை நான் வீடியோவில் பார்த்திருந்தேன். அதையும் பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தேன்.)

முதல் நாள் வகுப்பில் பைபிளைத் திறந்து, “மீட்பு என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு” என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த செல்வராணி அக்கா கையைத் தூக்கினார். கொழுந்து எடுப்பவர். அவர் குரல் கொடுத்தால் மூன்று மலைக்கு அந்தப் பக்கம் மேயும் மாடு திரும்பிப் பார்க்கும்.

“பிரதர், தப்பா நெனைக்காதீங்க. எங்கள்ல பாதிப் பேரு மாரியம்மனக் கும்பிடுறவங்க. ஜெபம் பண்ண எங்களுக்கும் தெரியும். கயிறு கட்டத்தான் தெரியாது. அதச் சொல்லிக் குடுங்க.”

பைபிளை மூடிவிட்டுக் கயிற்றை எடுத்தேன். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வம்பும் வந்ததில்லை.

கற்றுக்கொண்டார்கள் பாருங்கள், அப்படி ஒரு வேகம். பெரட்டுக்களத்தில் காலையில் வேலை பிரிப்பதற்கு முன்பே வந்து முடிச்சுப் போட்டுப் பழகுவார்கள். த்ரீவீலர் ஓட்டும் யோகேஸ் என்ற இளைஞன், தூங்கும்போதும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்ற மாட்டேன் என்று சபதம் எடுத்திருந்தான். நான் திரும்பத் திரும்பச் சொன்ன விதிகள் சில உண்டு. மண் சரிந்த இடத்துக்கு ஓடினால் ஒருத்தர் மட்டும் மேட்டைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், மறுபடி சரிந்தால் விட்டு விட்டு விசில் கொடுக்க. நடுநடுவே நீளமாக ஒரு விசில் கொடுத்ததும் எல்லோரும் வேலையை நிறுத்தி, உள்ளே இருந்து குரல் வருகிறதா என்று கேட்க வேண்டும். அப்புறம் முக்கியமான ஒன்று: “கத்துறவங்களுக்கு மூச்சு இருக்கு. அவங்க காத்திருக்கலாம். சத்தம் வராத ஆளை முதல்ல பாருங்க.”

இந்தக் கடைசி விதியை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சில மாதங்கள் ஓடின. கொழும்பிலிருந்து எங்கள் மிஷன் பொறுப்பாளர், பாஸ்டர் டேனியல், பயிற்சியைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அவருக்குத் திருப்தி என்றால் பயிற்சி பக்கத்துத் தோட்டங்களுக்கும் போகும். இல்லையென்றால் எனக்கு ஊருக்கு டிக்கெட். தோட்டத்து மேனேஜரும் வருவதாகச் சொன்னார், அவரைத் துரை என்றுதான் கூப்பிடுவார்கள். ஒத்திகைக்கு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் குறித்தோம். தேயிலை மலையில் ஒருவர் விழுந்து கிடப்பார். குழு அவரைத் தேடிக் கண்டுபிடித்து, கட்டுப் போட்டு, ஸ்ட்ரெச்சரில் தூக்கிவர வேண்டும்.

விழுந்து கிடக்கும் வேடத்துக்குப் பென்ஷன் வாங்கிய கந்தையா அண்ணனைப் பேசி வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் அவர் மனைவி வந்து நின்றார்.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா, நல்லா இருக்கிற மனுசன பொணம் மாதிரி படுக்க வைக்கிறதா? வாங்க வீட்டுக்கு.”

அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வேறு ஆள் தேட நேரமில்லை. அப்போதுதான் எனக்குள் இருந்த தியாகி விழித்துக்கொண்டான்.

“நானே படுக்கிறேன்” என்றேன். அதோடு விட்டேனா? குழுவைக் கூட்டி வைத்து ஓர் உரை. “உண்மையான நோயாளி அவுத்து விடுங்கன்னு கெஞ்சுவார், அதட்டுவார். நானும் அப்படித்தான் செய்வேன். என்ன கத்தினாலும் கட்டை மட்டும் அவுக்கக் கூடாது. புரியுதா?”

“புரியுது பிரதர்!” என்றார்கள் ஒரே குரலில். எவ்வளவு நன்றாகப் புரிந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒத்திகை அற்புதமாக ஆரம்பித்தது. என்னைக் கண்டுபிடித்தார்கள். கால்களுக்குப் பத்தை வைத்தார்கள். வலது கையை மடக்கி மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். கழுத்துக்குப் பட்டை. அப்புறம் ஸ்ட்ரெச்சரோடு சேர்த்து மூன்று இடத்தில் கட்டு. பாஸ்டர் குடை பிடித்தபடி பக்கத்தில் நின்று தலையாட்டினார். துரை போனில் படம் எடுத்தார். தூறல் அப்போதே கனக்க ஆரம்பித்திருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்தில் எந்த இடத்தில் வகுப்பு வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கீழே, பெரிய லொறி கல்லைக் கொட்டியது போல ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து அலறல்.

“கீழ் லயத்துப் பக்கம் மண்ணு எறங்கிருச்சு!”

லயம் என்றால் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் வரிசை வீடுகள். அடுத்த நொடி செல்வராணி அக்காவின் குரல்: “ஸ்ட்ரெச்சர கீழ வைங்க! யோகேசு, நீ மேட்டப் பாக்கிற ஆளு. கயிறு, மம்பட்டி, வாளி, எல்லாத்தையும் எடுங்க!”

என்னைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே பதமாக இறக்கி வைத்தார்கள். (தலைப்பக்கம் மேடாக. அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.) எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள்.

“ஏ! என்னை அவுத்து விடுங்க! நானும் வரேன்!” என்று கத்தினேன்.

ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் நின்று, “அக்கா, பிரதர் அவுக்கச் சொல்றாரு” என்றாள்.

“அவரு கத்துறாரில்ல? அப்ப நல்லாத்தான் இருக்காரு. வாடி!”

மழை முகத்தில் நேராக விழுந்தது. கழுத்துப்பட்டை இருந்ததால் திரும்ப முடியவில்லை. உடம்பை முறுக்கி முடிச்சுகளை இழுத்துப் பார்த்தேன். இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. அதைக் கற்றுக்கொடுக்க நான் ஒரு மத்தியானம் முழுக்கச் செலவழித்திருந்தேன். சாக்ஸுக்குள் ஓர் அட்டை நுழைந்து மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது. ஆண்டவரே, நான் ஊழியத்துக்கு வந்தது இந்த அட்டைக்கு மத்தியானச் சாப்பாடு போடவா என்று கேட்டேன். 

பயமாகவும் இருந்தது. விளையாட்டாகச் சொல்லவில்லை. கீழே யார், எத்தனை பேர், எதுவும் தெரியாது. முதல் நிஜமான சரிவு. பயிற்சியாளன் மலையில் மூட்டை மாதிரி கிடக்கிறான். அவசரத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்துவிட்டால்? மேட்டைப் பார்க்க மறந்துவிட்டால்? மறுபடி சரிந்தால் மீட்கப் போனவர்களும் உள்ளே போவார்கள்.

அப்போது மூடுபனிக்குள்ளிருந்து விசில் வந்தது. நீளமாக ஒன்று.

சத்தம் எல்லாம் சட்டென்று அடங்கியது. மம்பட்டிச் சத்தம் இல்லை, அழுகை இல்லை, மழை மட்டும். அந்த அமைதிக்குள் செல்வராணி அக்கா நிதானமாகக் கூப்பிட்டார்: “சுகந்தி… நாங்க வந்துட்டோம். கேக்குதா? கேட்டா தட்டு.”

எனக்கு மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்குத் தட்டும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். மறுபடி விசில். மறுபடி மம்பட்டிகள். ஆனால் கன்னாபின்னாவென்று இல்லை, ஓர் ஓரத்திலிருந்து, வரிசையாக. வாளி கை மாறும் சத்தம் வந்தது. கூடவே இதுவும் வந்தது: “ஐயா, குடைய மடக்குங்க! வாளியப் புடிங்க!”

அது பாஸ்டர் டேனியலுக்கு.

நான் ஒன்றையும் பார்க்கவில்லை. காதால்தான் கேட்டேன். ஒவ்வொரு சத்தமும் எந்தப் பாடத்திலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்த மழையில், அட்டையோடு, அப்படி ஒரு பெருமை எனக்கு வந்தது. அழுகையும் வந்தது. (துடைக்கக் கை இல்லாததால் மழை என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.)

சற்று நேரத்தில் நான்கு பேர் மூச்சிரைக்க மேலே ஓடி வந்தார்கள்.

“வந்துட்டீங்களா? யாரு? என்ன ஆச்சு?”

“சுகந்திக்கா, பிரதர். உலையப் பாக்க வீட்டுக்குள்ள போயிருக்காங்க. குசினிச் சுவரு கால்ல விழுந்துருச்சு. எடுத்துட்டோம், பேசுறாங்க.”

“தேவனுக்கு ஸ்தோத்திரம்! சரி, என்னை அவுத்து விடுங்க.”

“உங்கள அவுக்க வரல பிரதர். ஸ்ட்ரெச்சர் வேணும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று வார்களையும் கழற்றி, முதுகெலும்பு அசையாமல் ஆளை முழுதாகப் புரட்டும் முறையில், “ஒண்ணு, ரெண்டு, மூணு!” என்று என்னை ஸ்ட்ரெச்சரிலிருந்து புரட்டினார்கள். குறை சொல்ல முடியாத புரட்டல். தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் போய்க் குப்புற விழுந்தேன். ஸ்ட்ரெச்சரோடு அவர்கள் பறந்துவிட்டார்கள்.

இடது கை மட்டும் இப்போது என் வசம். மழையில் ஊறி இறுகிய முடிச்சுகளை அந்த ஒரு கையால் அவிழ்க்க முடியவில்லை. செடிகளைப் பிடித்து எழுந்து நின்றேன். மடங்காத கால்கள், அசையாத கழுத்து, மார்போடு ஒட்டிய கை. இந்தக் கோலத்தில் மலை இறங்குவது எப்படி என்று ஒருவரும் எனக்குப் பயிற்சி கொடுத்ததில்லை. பாதித் தூரம் குதித்தேன். மீதித் தூரம் உருண்டேன். ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது என் மேல் மண் படாத இடம் என்று பார்த்தால் பல் மட்டும்தான்.

ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. சுகந்தியை உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ்காரர் என்னைப் பார்த்தார். பத்தை கட்டிய கால், கழுத்துப்பட்டை, காலில் வழியும் ரத்தம். (அட்டை தன் கடமையைச் செய்திருந்தது.)

“மே தவ கெனெக்!” என்று தன் ஆளைக் கூப்பிட்டார். இதோ இன்னொருத்தர் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸில் இறங்கும் இடம் சொல்ல மட்டும்தான் உதவும்.

“நோ, நோ! ஐயாம் ட்ரெய்னர்! ப்ராக்டிஸ்! ஒன்லி ப்ராக்டிஸ்!”

அவர் என் தோளைத் தட்டி, தலையில் அடிபட்டவனைப் பார்க்கும் கருணையோடு பார்த்தார். இரண்டு பேர் என்னைத் தூக்கினார்கள். செல்வராணி அக்காவைத் தேடினேன். அவர் முகத்தில் சேறு, கண் கலங்கியிருந்தது. சுகந்தி பிழைத்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் என்னைப் பார்த்து, “போய்ட்டு வாங்க பிரதர்!” என்று கையாட்டினார். கதவு சாத்தப்பட்டது.

உள்ளே சுகந்தி வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

“ஐயோ பிரதர், உங்களுக்கு என்ன ஆச்சு?”

“எனக்கு ஒண்ணும் இல்ல தங்கச்சி. சும்மா.”

“சும்மா எதுக்கு இவ்ளோ கட்டு?” என்றவளுக்கு, விஷயத்தைச் சொன்னதும் வலியை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள், வலித்தது, அழுதாள், மறுபடி சிரித்தாள். “பிரதர், உங்களுக்கு ஜெபம் தெரியுமில்ல, பண்ணுங்க” என்றாள். வளைவுக்கு வளைவு ஆடிய அந்த வண்டியில், இருந்த ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். அன்று நான் செய்த ஒரே ஊழியம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் அவள் காலைப் பார்த்தார். எலும்பு முறிந்திருந்தது, ஆனால் விலகவில்லை. “கட்டி அனுப்பினது யார்? நர்ஸா?” என்று தமிழில் கேட்டார்.

“தோட்டத்துப் பெண்கள், டாக்டர். கொழுந்து எடுக்கிறவங்க” என்றேன். எனக்கே கேட்டது, என் குரல் எவ்வளவு நிமிர்ந்திருந்தது என்று.

“நல்லா கட்டியிருக்காங்க. கால் தப்பிச்சது” என்றவர், என் பக்கம் வந்து கட்டு ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஒரு கால், சரியாக இருந்தது. மறு கால், அதுவும். கையும் கழுத்தும் அப்படியே. கடைசியில் நிமிர்ந்து, “உங்களுக்கு என்னதான் நோய்?” என்று கேட்டார்.

சுகந்தி இரண்டு மாதத்தில் நடந்தாள். பாஸ்டர் டேனியல் கொழும்புக்குப் போய், பயிற்சியைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் கொடுக்கச் சொன்னார். அதோடு இனி செல்வராணி அக்காவும் பயிற்சியாளர் என்று ஆனது. நான் அவருக்குப் பக்கத்தில் நின்று கயிறு எடுத்துக் கொடுப்பேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தூரத்து வலப்பனைத் தோட்டங்களில் அவர் வகுப்பு எடுக்கும்போது ஒருமுறை நீங்கள் கேட்க வேண்டும், மைக் வேண்டியதே இல்லை.

ஆனால் என்னை ஆம்புலன்ஸில் ஏற்றுகிற காட்சியைத் துரை படம் பிடித்திருந்தார். அது பேஸ்புக்கில் ஏறி, கடல் தாண்டி, என் அம்மாவின் போனுக்கு வந்து சேர்ந்தது. “ஏல, உனக்கு என்னல ஆச்சு!” என்று அலறியவருக்கு நடந்ததை விளக்க ஒரு மணி நேரம் பிடித்தது. கேட்டு முடித்ததும் அமைதியாகப் போனை வைத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டிவிட்டார். இன்றும் அங்கேதான் தொங்குகிறது. நான் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் தம்பிமாரும் பெரியப்பா வீட்டு மதினிமாரும் அதன் கீழே நின்று என்னைக் கேலி செய்யாமல் சாப்பாடு போடுவதில்லை.

யாராவது புதிதாக வீட்டுக்கு வந்தால் அம்மா படத்தைக் காட்டி, “என் மூத்த மகன். மிஷனரியா இருக்கான். இலங்கையில ஆளுகளைக் காப்பாத்துற வேலை” என்பார்.

வந்தவர்கள் உற்றுப் பார்த்துவிட்டு, “இதுல உங்க மகன் யாரு? தூக்கிட்டுப் போறவரா?” என்று கேட்பார்கள்.

அம்மா கொஞ்சமும் அசர மாட்டார்.

“ஒருத்தனைத் தூக்கிட்டுப் போறாங்கல்லா, அதான் அவன். பின்னால சேறும் சகதியுமா நிக்கிறாளுகளே, அத்தனை பேரும் அவன்கிட்ட படிச்ச பிள்ளைக.”