டச்பேடில் ஒரு கோடு விபூதி

காஞ்சிபுரத்தில் கடவுளை நம்பாதவர்கள் சிலர் இருக்கலாம். எங்கள் ஆபீஸ் பூட்டு அண்ணன் கடவுளை முழுசாக நம்பினார். அவரைத் தவிர வேறு யாரையும் நம்பவில்லை. வரதர் கோயிலுக்குப் போனால் இடது கால் செருப்பை ஒரு கடையிலும் வலது கால் செருப்பை எதிர்க்கடையிலும் விடுவார். ஜோடியாகக் கிடைத்தால்தானே எவனாவது போட்டுக்கொண்டு போவான் என்பது அவர் கணக்கு. ஒருநாள் இரண்டு கடைக்காரர்களும் பேசி வைத்துக்கொண்டு, "யோவ், இன்னொரு செருப்பு எங்கய்யா? எங்கனா திருடிக்கினு வந்தியா?" என்று மடக்கிவிட்டார்கள். அதன்பிறகு வெறுங்காலோடு போகத் தொடங்கினார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. கேட்டால், "எதுக்குபா கேக்கற?" என்பார். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். சைக்கிளுக்குப் பூட்டு, மேஜை டிராயருக்குப் பூட்டு, டிபன் கேரியருக்கும் ஒரு குட்டிப் பூட்டு. மத்தியானம் வேலை முடிந்து கிளம்பும்போது என் பையைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார். டீ வந்தால் நான் ஒரு வாய் குடிக்கும்வரை காத்திருப்பார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தபிறகு தன் கிளாஸை எடுப்பார்.

எங்கள் டிசைன் ஆபீஸ் பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடியில் இருந்தது. கீழே முதலாளியின் தறிகள். பட்டுப்புடவை பார்டரில் வருகிற யானை, மயில், மாங்காய் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கீழே அனுப்ப வேண்டும். ஒரு கட்டம் தப்பினால் புடவையில் ஓர் இழை தப்பும். நான் ஆர்டர் எடுக்கிற ஆள். வரைகிறவர்கள் இரண்டு பேர், லேப்டாப் ஒன்று. காலையில் பூட்டு அண்ணன் உட்காருவார். மத்தியானம் அவர் கிளம்பியபிறகு கலைவாணி வருவாள்.

கலைவாணி ஓரிக்கைப் பெண். இங்கே வருவதற்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு முழுக்க நின்றபடி டப்பாக்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். படம் வரைகிற வேலை என்றதும் அதை உதறிவிட்டு வந்தவள். இதுவும் போனால் மறுபடி அந்தக் கம்பெனி பஸ்தான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். பூட்டு அண்ணனுக்கு அவள் கம்பெனியை விட்டு வந்ததே உறுத்தியது.

"நல்ல கம்பெனிய வுட்டுட்டு இங்க இன்னாத்துக்குபா வருது? எவனோ அனுப்பிச்சிருக்கான்."

அவர் மவுஸைத் தொட மாட்டார். ஒயர் இல்லாமல் ஒரு பொருள் வேலை செய்கிறதென்றால் எங்கேயோ உட்கார்ந்து யாரோ வேலை செய்கிறார்கள் என்று அர்த்தமாம். டச்பேடில் ஒற்றை விரலை வைத்து, எறும்பு ஊர்வது மாதிரி அம்புக்குறியை நகர்த்தி, ஒவ்வொரு கட்டமாகப் புள்ளி வைப்பார். கலைவாணி நேர்மாறு. டச்பேட் பக்கமே போக மாட்டாள். மவுஸைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் அம்புக்குறி திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய் நிற்க வேண்டும்.

ஒருநாள் காலை பூட்டு அண்ணன் விரலை வைத்ததும் அம்புக்குறி பிய்த்துக்கொண்டு ஓடியது. அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். செட்டிங்ஸுக்குள் போய் வேகத்தைக் குறைத்தார். மறுநாள் காலை மறுபடி ஓடியது. மறுபடி குறைத்தார். மூன்றாவது தடவை எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து காதோடு சொன்னார்.

"நான் போன பின்னாடி என் டச்பேட எவனோ தொடறான்பா. டிசைன் திருட்டு நடக்குது."

அன்று கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, டச்பேடின் மேல் மெல்லிசாக ஒரு கோடு விபூதி போட்டார். தொட்டால் கலைந்துவிடும். கலைவாணி வந்து பார்த்து, பெரியவர் ஏதோ பூஜை போட்டிருக்கிறார் என்று நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு மவுஸில் வேலையைத் தொடங்கினாள். மறுநாள் காலை விபூதி வைத்தது வைத்தபடி இருந்தது. துடைத்துவிட்டு விரலை வைத்தார். அம்புக்குறி ஓடியது.

நானே எழுந்து வந்து டச்பேடைத் தொட்டுப் பார்த்தேன். அவர் மட்டும் அசரவில்லை. "விபூதி கலையாம தொடத் தெரிஞ்சுக்கினு இருக்குதுன்னா, அது சாதாரண பொண்ணா?" என்றார்.

வரதர் கோயில் கருட சேவைக்குக் கலைவாணி லீவு போட்டாள். மறுநாள் காலை அம்புக்குறி சாதுவாக ஊர்ந்தது. பூட்டு அண்ணன் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அது வரல, இது ஓடல. கணக்கு சரியாப் போச்சா?"

விஷயம் முதலாளி காதுக்குப் போனது ஒரு யானையால். முகூர்த்தப் புடவை ஒன்றுக்கு பூட்டு அண்ணன் யானை பார்டர் போட்டுக்கொண்டிருந்தார். அன்று அவசரத்தில் வேகத்தைக் குறைக்காமல் உட்கார்ந்துவிட்டார். கண்ணுக்குப் புள்ளி வைக்கிற நேரத்தில் அம்புக்குறி எகிறி, கண் வால் பக்கம் போய்விட்டது. அதைக் கவனிக்காமல் அவர் அனுப்பிவிட்டார். கீழே சாம்பிள் நெய்தவர் துணியோடு மாடிக்கு வந்து, "இன்னாபா, உங்க யானையும் உங்கள மாதிரியே பின்னாடி யாரு வர்றான்னு பாத்துக்கினே போவுது?" என்று கேட்டார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதலாளி சிரிக்கவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் சாம்பிள் பார்க்க வருகிற நேரம். பூட்டு அண்ணன் விபூதியிலிருந்து கருட சேவைவரை எல்லாவற்றையும் ஒப்பித்தார். முதலாளி கலைவாணியைக் கூப்பிட்டு, "இத பாரும்மா, எனக்கு தொழில் முக்கியம். நீ நாளையிலருந்து..." என்று ஆரம்பித்துவிட்டார்.

கலைவாணிக்கு முகம் வெளுத்தது. ஆனால் அழவில்லை. "மொதலாளி, நான் டச்பேட தொட்டதே இல்ல. அண்ணன ஒரு தபா என் பக்கத்துல உக்காந்து வேலை பண்ணச் சொல்லுங்க. நான் எத்த கலைக்கிறேன்னு நானும் தெரிஞ்சிக்கிறேன்" என்றாள்.

இத்தனை மாதத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக அந்த லேப்டாப் முன்னால் உட்கார்ந்ததே இல்லை. பூட்டு அண்ணன் சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். வேகத்தைக் குறைத்து, விரலால் நகர்த்திக் காட்டினார். "பாத்துக்கங்க மொதலாளி, இப்ப சரியா இருக்குது."

கலைவாணி மவுஸைப் பிடித்து இழுத்தாள். அம்புக்குறி தேர் மாதிரி அசைந்து அசைந்து வந்தது. "தெனமும் இப்பிடிதான் மொதலாளி இருக்குது. லேப்டாப்புக்கு வயசாயிடுச்சின்னு நெனச்சி, வந்த ஒடனே மவுஸ் வேகத்த ஏத்திப்பேன்" என்று ஏற்றிக் காட்டினாள்.

பூட்டு அண்ணன் மெதுவாக விரலை வைத்தார். அம்புக்குறி பிய்த்துக்கொண்டு ஓடியது.

நான் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். டச்பேடுக்கென்று தனிப் பக்கம் இருந்தது. வேகம் மட்டும் அதில் இல்லை. மவுஸ் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு வேகம்தான் இரண்டையும் ஓட்டிக்கொண்டிருந்தது. இவர் குறைத்தால் அவளுக்கும் குறையும், அவள் ஏற்றினால் இவருக்கும் ஏறும். எங்கள் ஆபீசில் நடந்த பெரிய திருட்டு இவ்வளவுதான்.

முதலாளி, "நாளைக்கு நேரத்தோட வந்துடும்மா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். பூட்டு அண்ணன் திரையை முறைத்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு கைக்கு ஒரே வேகம் வச்சவன் எவன்பா? இப்ப அவன் மேலதான் எனக்கு டவுட்டு."

தானே வேகத்தை வைத்துக்கொள்கிற மவுஸ் கடையில் கிடைக்கும், முதுகில் அதற்கென்று ஒரு பட்டன் இருக்கும், லேப்டாப்பை அண்ணன் இஷ்டத்துக்கு விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் கிளம்பிவிட்டார். அன்று டச்பேடில் விபூதி போடவில்லை. என் பையைத் திறந்து பார்க்கவும் மறந்துவிட்டார்.

மறுநாள் அவர் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. கலைவாணி வந்ததும் ஒரு டப்பாவை நீட்டினார். ஒயர் இல்லாத மவுஸ், முதுகில் பட்டனோடு. கடைக்காரரிடம் இருந்த எல்லா டப்பாவையும் பிரிக்கச் சொல்லி, அவரை ஒருவழி பண்ணித்தான் வாங்கியிருப்பார். பிறகு சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றினார்.

"இது டிராயர் சாவி. மவுஸ உள்ள வச்சி பூட்டிக்கோ. டூப்ளிகேட்டு என்னாண்ட இல்ல. வேணும்னா கொத்த வாங்கிப் பாத்துக்கோ."

"பரவால்லணா, நம்பறேன்" என்றாள் கலைவாணி.

அவருக்கு அது பிடிக்கவில்லை. "அப்பிடி சட்டுனு எவனையும் நம்பாதமா. செக் பண்ணு."

அவள் சாவிக்கொத்தை வாங்கி ஒவ்வொரு சாவியாக டிராயரில் போட்டுப் பார்த்தாள். அவர் பக்கத்தில் கைகட்டி நின்றார். ஒன்றும் சேரவில்லை என்று ஆனபிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினார்.

நான் இப்போது வேறு ஊரில், பெரிய ஆபீசில் இருக்கிறேன். இங்கே ஆளுக்கொரு லேப்டாப். என் பையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சாயங்காலம் வாசலைத் தாண்டும்போதெல்லாம், நம்மைக் கவனிக்க ஓர் ஆள் இல்லையே என்று மனசு கொஞ்சம் வலிக்கிறது.